மிதிவண்டியில் செல்லும் நம் பிள்ளைகள்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுவதே மரபு. நாமோ கல்விக்கூடத்திற்குச் செல்லும் மிதிவண்டியைப் பற்றிப் பேச விழைகின்றோம். இது அற்பப் பொருளன்று. ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டிறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, வண்டியை உருட்டிச் சென்றவர்கள் நம் பாட்டனார்கள். அக்கொடுமை எல்லா ஊர்களிலும் அறவே ஒழிந்தது என்று இன்றும் நம்மால் உறுதி கூற இயலவில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, பொது இடத்தில் நாம் மிதிவண்டி ஏறிச் செல்வதைத் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகவே எழுத வேண்டியிருந்தது என்றால், நிலைமையை நீங்களே உணரலாம்.

தமிழக அரசு விலையில்லா மிதிவண்டியை 2001-02இல் முதன்முதல் வழங்கியது ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்கேயாகும். பின்னரே அது மற்றவர்க்கும் விரிந்தது. இத்தனை பாடுபட்டு ஏறிய வண்டியில் நம் பிள்ளைகள் காலையில் சென்று மாலையில் முழுதாக வீடு திரும்ப வேண்டாமா?

நம் தெருப் பிள்ளை ஒருவன் தனிப்பயிற்சி முடிந்து இருட்டில் வந்துகொண்டிருந்தான். சாலையோரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் பழுதாகி நின்றிருந்தது. அதன் பின்புறம் சிவப்பு விளக்கும் இல்லை, ஒளிவில்லையும் இல்லை. இவன் வண்டியிலும் விளக்கில்லை. நேரே போய் மோதினான். கால் எலும்பு முறிந்து, அவ்வாண்டுப் பொதுத் தேர்வை எழுதாது போனான். டிராக்டர்க்காரரை நாம் நெடுநாள் ஏசினோம், ஏசியதில் தவறுமில்லை. ஆயினும் ஒரு விளக்கு வாங்கிப் பொருத்தாத நம்மை நாம் ஏசிக்கொள்ளவில்லை.

ஆகவே விளக்கே முதல் தேவை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் நம்மைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்த ஒரு நொடி போய்விடுகிறது. அவர் தொலைவிலேயே நம்மைக் காண வேண்டும். முன்னே ஒரு விளக்கும், பின்னே சிவப்பு ஒளிவில்லையும், மட்கார்டில் ஒரு கை அகலம் வெள்ளைப் பெயிண்டும் போதும். பழைய டைனமோ விளக்கு, வண்டி நின்றால் அணைந்துவிடும். சாலையைக் கடக்க நிற்கும்போதுதான் ஒளி மிகவும் வேண்டும் என்பதால், மின்கல விளக்கே மேல்.

பிரேக் கட்டை தேய்ந்தால் சில ரூபாயில் மாற்றிவிடலாம். மழை நாளில் ரிம் நனைந்துவிட்டால் நல்ல பிரேக்கும் உடனே பிடிக்காது. முன்கூட்டியே மெல்லப் பிடித்து ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். மாணவியர் துப்பட்டாவை முடிச்சிட்டுக்கொள்ளட்டும். சங்கிலியில் அது சிக்கிக்கொள்ளும்.

லாரியின் இடப்புறமாகப் புகுந்து முந்த வேண்டா. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றோம். ஓட்டுநர் வலப்புறம் அமர்ந்திருக்கிறார். இடப்பக்கம் ஒட்டி நிற்பவர் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. லாரி இடப்புறம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் சென்ற தடத்திலே வராது, உள்வாங்கி வரும். அங்கு நிற்பவரின் கதி என்னவாகும்?

இனி நால்வழிச் சாலைக்கு வருவோம். நம் குடியிருப்பு ஒருபுறம், பள்ளி மறுபுறம். நடுத்திட்டின் திறப்போ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால். பிள்ளைகள் எதிர்த்திசையில் ஓட்டி வருகின்றனர். தவறுதான், எதிரே வரும் வண்டியின் வேகமும் நம் வேகமும் ஒன்றுகூடியல்லவா மோதும்? ஆனால் பிள்ளைகளை மட்டும் கடிந்துகொள்வது நேர்மையாகாது. சாலை போட்டவர்கள் நம்மை நினைத்துப் போடவில்லை. சுரங்கப் பாதையோ அணுகு சாலையோ கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவோம். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டையும் வாங்கிக்கொள்வோம். அதுவரை, இறங்கி உருட்டியே கடக்கட்டும். இங்கே இறங்குவது உயிருக்காக, எவருக்கும் பணிந்தன்று.

விபத்து நேர்ந்தால் 108ஐ அழையுங்கள். இடித்த வண்டி நில்லாது ஓடிவிட்டாலும் காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்தே ஆக வேண்டும். 2022 ஏப்ரல் முதல், அடையாளம் தெரியாத வண்டியால் இறந்தவர் குடும்பத்திற்கு 2 இலட்சம் ரூபாயும், கொடுங்காயமுற்றவர்க்கு 50,000 ரூபாயும் உண்டு. பதிவு இல்லையேல் அதுவும் இல்லை. நம்மவர் பலர் இதனை அறியாது கண்ணீரோடு வீடு திரும்புகின்றனர்.

கூட்டம் முடிந்ததும் முற்றத்தில் நிற்கும் வண்டிகளை நம் இளைஞர்கள் பார்வையிடுவார்கள். பிரேக் கட்டையும் ஒளிவில்லையும் சங்கத்தின் செலவில் பொருத்தித் தரப்படும். விளக்கு இல்லாத வண்டிக்காரர்கள் பெயரைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.