அடுப்பினுள் தோன்றும் நிறங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்டு, கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடியை அடையலாம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது இம்மலை. தேயிலையை நம்பி வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களின் வழியினர் நாங்கள்.

சென்ற மழைக்காலத்தில் மூடுபனிக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துச் சமைத்து வந்தோம். எரிவாயு அடுப்பின் உட்புறம் கறுத்தது; எவர்சில்வர்த் தட்டு மஞ்சளும் நீலமுமாக மின்னியது; பித்தளைப் பர்னரில் பச்சை படர்ந்தது. வீட்டுப் பெரியவருக்கு நாள்தோறும் தலைவலி. குளிரே காரணம் என்று எண்ணியிருந்தோம். அது எவ்வளவு பெரிய பிழை!

எவர்சில்வரின் வண்ணம் வெப்பத்தால் அதன் மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய ஆக்சைடுப் படலமே, அஞ்ச வேண்டுவதில்லை. பச்சை, பித்தளையிலுள்ள செம்பில் ஏறிய களிம்பு. நம் தாய்மார் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல், ஆறிய பர்னரைப் புளியிட்டுத் துலக்கிக் கழுவி, நன்கு உலர்த்தினால் போதும்.

அஞ்ச வேண்டியது கருமைக்கே. பொங்கி வழிந்த உணவும் எண்ணெயும் கருகியிருந்தால் சோப்பு நீரில் நீங்கும். தேய்த்த மறுநாளே பாத்திரத்தின் அடியில் மையைப் போன்ற கரி படிந்தால், வாயு முழுமையாக எரியவில்லை என்பது தெளிவு. வழிந்த உப்புநீரும் சுடரை மஞ்சளாக்கும். ஆனால் அது கரி படிவிப்பதில்லை.

ஒரு பங்கு வாயு முழுதும் எரிய ஏறத்தாழ 24 முதல் 31 பங்கு காற்று வேண்டும். இம்மலையிலோ காற்றின் அடர்த்தி சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதற்கு மேல், காற்றும் வாயுவும் கலக்கும் குழாயில் சிலந்தி வலை பின்னியிருந்தால் என்னாகும்? எங்கள் அடுப்பில் இருந்ததும் அதுவே. அரைகுறையாக எரியும் வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலியில் தொடங்கி உயிரையே கவரவல்லது.

ஆகவே, முதலில் சன்னலைத் திறந்துவிடுங்கள். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறிய பின் பர்னரை எடுத்துத் துளைகளையும் கலவைக் குழாயையும் துலக்குங்கள். வாயு வெளிப்படும் நுண்துளையை ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் கேடு மிகும். அதனைப் பழுது நீக்குவோரிடமே விடுங்கள். கசிவைச் சோப்பு நுரையால் அறியுங்கள், தீக்குச்சியால் அன்று. வாயு மணம் வீசினால், விளக்கின் விசையைத் தொடாமல் வெளியேறி, 1906 என்னும் எண்ணை அழையுங்கள்.

இப்போது எங்கள் சுடர் நீலமாக எரிகிறது. பெரியவரின் தலைவலியும் நீங்கியது. சன்னல் வழியே சிறிது பனி உள்ளே வரத்தான் செய்கிறது. அது வரட்டும் என்று விட்டுவிட்டோம்.