முதலில் விழிக்கும் மென்பொருள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“நிகழ்ச்சி நடத்துகிறவளுக்கு எதற்கம்மா இந்தச் சிப் கதை?” என்று இங்கே வரும்முன் ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் படித்தது மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளோமா. ஆனால் என் தம்பி பினாங்கு பாயான் லெப்பாஸில், கார் நிறுத்துமிடங்களில் பணம் வாங்கும் இயந்திரத்துக்கு மின்னணுப் போர்டு தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். அவன் பட்ட பாட்டை அருகில் இருந்து பார்த்தவள் நான்.

எங்கள் ஸ்டூடியோவில் காலை நிகழ்ச்சிக்கு நான் ஐந்தரைக்குப் போவேன். எனக்கு முன்னால் நான்கு மணிக்கே ஒருவர் வந்து, கதவைத் திறந்து, விளக்கு, மைக், ஏர்கோன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருப்பார். நான் மேசையில் உட்கார்ந்ததும் அவர் ஒதுங்கிவிடுவார். திரையில் அவர் முகம் தெரிவதேயில்லை. பூட்லோடர் என்ற மென்பொருள் அந்த மனிதரைப் போன்றது. உங்கள் வீட்டு டிகோடரிலும் இணைய மோடத்திலும் மின்சாரம் பாய்ந்ததும் வேலை தொடங்குவது அதுதான். ரேமையும் சேமிப்பையும் தயார் செய்து, லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை ஏற்றிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும்.

இவற்றில் பெயர்பெற்றது யூ-பூட். ஜெர்மனியைச் சேர்ந்த வொல்ஃப்காங் டெங்க் 2000ஆம் ஆண்டில் பிபிசிபூட் என்ற பெயரில் இதை வெளியிட்டார். அப்போது பவர்பிசி சிப்புகளுக்கு மட்டுமே அது உதவியது. மற்ற சிப்புகளுக்கும் விரிந்ததால் 2002இல் பெயர் மாறியது. யூ-பூட் என்றால் ஜெர்மன் மொழியில் நீர்மூழ்கிக் கப்பல். வெளியே தெரியாமல் அடியில் வேலை செய்வதற்குப் பொருத்தமான பெயர்தான். டெங்க் 2022இல் காலமானார். அவர் தொடங்கியதை உலகெங்கும் பலர் இன்றும் வளர்த்து வருகிறார்கள்.

ஒரே மென்பொருளை எல்லாப் போர்டிலும் போட்டுவிட முடியாதா என்று தம்பியிடம் கேட்டேன். மேசைக் கணினியில் செருகும் ரேம் அட்டையில், தன் அளவையும் வேகத்தையும் தானே சொல்லும் சிறு சிப் ஒன்று உண்டாம். இந்தச் சிறு போர்டுகளில் ரேமை நேராகப் பற்றவைத்து விடுகிறார்கள். அதைப் பற்றிச் சொல்ல அங்கே யாருமில்லை. மனிதர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். தம்பி முன்மாதிரியாக எடுத்த பீகிள்போன் பிளாக், 2013இல் வந்தது. வரைபடம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட போர்டு அது. அதில் ரேம் 512 எம்பி. ஆனால் விழித்த நொடியில் சிப்புக்குள்ளே இருக்கும் 128 கேபி இடம்தான் கைக்கு எட்டும். பூட்லோடரின் முதல் துண்டு அதற்குள் அடங்கி, ரேமை எழுப்பி, அதன் பிறகே முழு யூ-பூட்டை உள்ளே அழைக்க வேண்டும்.

யூ-பூட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புக் கோப்புகள் இருக்கின்றன. புதுப் போர்டுக்கு நெருங்கிய உறவு எது என்று பார்த்து, அதன் கோப்பை நகலெடுத்து, பெயர் மாற்றி, வேறுபடும் இடங்களைத் திருத்துவது வழக்கம். “கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற மாதிரிதான் அக்கா. பழைய பத்திரிகையில மாத்த மறந்த ஒரே ஒரு பேரு மானத்த வாங்கிடும்” என்றான்.

அவனுக்கும் அதுதான் நடந்தது. அவனுக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர் ஒரு வரிக் குறிப்புகூட வைக்காமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதுப் போர்டில் மூன்று கம்பிகளை இணைத்து, 115200 வேகத்தில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு தம்பி மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். ஓர் எழுத்துகூட வரவில்லை. அந்த வாரம் நான் அவன் வீட்டில்தான் தங்கியிருந்தேன். “அது பேசுது, உனக்குத்தான் கேக்கலையோ? மைக் போடாம நான் பேசினா நேயருக்கு என்ன கேக்கும்?” என்று விளையாட்டாகச் சொன்னேன். மறுநாள் காலை அவன் போர்டிலுள்ள ஒரு சிறு விளக்கை மட்டும் எரியவைக்கும் சில வரிகளை எழுதிப் போட்டான். விளக்கு எரிந்தது. போர்டு உயிரோடுதான் இருந்தது!

அந்தச் சிப்பின் பெரும்பாலான கால்கள் பல வேலை செய்யக்கூடியவை. எந்தக் காலுக்கு எந்த வேலை என்பதைப் பூட்லோடர்தான் முதலில் பிரித்துக் கொடுக்கிறது. முன்மாதிரிப் போர்டு பேசும் கால்களை இவர்கள் போர்டில் அட்டை வாசிப்பானுக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்று நாளும் அது அட்டை வாசிப்பானிடம் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. இதை என் கண்டுபிடிப்பு என்று வீட்டில் நான் பெருமையடித்துக்கொள்கிறேன். விளக்கு எரிய வைத்துப் பார்ப்பது வழக்கமான சோதனைதான் என்கிறான் தம்பி.

பெரிய சோதனை பிறகு வந்தது. வெயிலில் நிறுத்திய இயந்திரங்கள் இரவெல்லாம் ஒழுங்காக ஓடும், பகல் ஒரு மணிக்கு மேல் உறைந்து நிற்கும். ரேம் மட்டமானது, முதல் தொகுதிப் போர்டுகளைக் குப்பையில் போடலாம் என்று நிறுவனத்தில் முடிவெடுக்கும் நிலை. தம்பியின் வேலையும் ஊசலாடியது.

ரேம் என்பது ஒழுகும் குடங்கள் மாதிரி. குறித்த நேரத்தில் மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டிடிஆர்3 வகைக்குச் சராசரியாக 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒரு தடவை. சூடு 85 பாகையைத் தாண்டினால் ஒழுகல் கூடும், அப்போது 3.9 மைக்ரோ விநாடிக்கு ஒரு தடவை நிரப்ப வேண்டும். தம்பி ரேம் மீது வெப்பமானியை ஒட்டி, இரும்புப் பெட்டியை மூடி வெயிலில் வைத்துப் பார்த்தான். உச்சி வெயிலில் 85ஐத் தாண்டிவிட்டது. நகலெடுத்த கோப்பில் இருந்த எண் 3120. அதாவது 400 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 7.8 மைக்ரோ விநாடி. மேசைமீது திறந்து கிடக்கும் போர்டுக்கு அது போதும், பினாங்கு வெயிலில் பூட்டிய பெட்டிக்குப் போதாது. 1560 என்று மாற்றினான். 95 பாகை வரை தாங்கும் ரேம்தான் அது, குறை அதனிடம் இல்லை. போர்டுகள் தப்பின.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் முந்தையவர் செய்த தவற்றைத் தானும் செய்யக்கூடாது என்று, போர்டின் கோப்புகளை யூ-பூட்டின் பொதுத் தொகுப்பில் சேர்க்க அனுமதி கேட்டான். “நம்ம ரகசியம் வெளியே போயிடும்” என்று முதலாளி பதறினார். யூ-பூட் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதைப் போட்டு இயந்திரம் விற்றால், வாங்கியவருக்கு மூல நிரலையும் தரக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று தம்பி விளக்கியபோது அவர் முகம் போன போக்கைக் கேட்டு நான் சிரித்தேன். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமில்லை. பல நிறுவனங்கள் ஒரு பழைய நகலை எடுத்து, அவசரத்துக்குத் திருத்தி, பெட்டியில் பூட்டி விற்றுவிட்டு மறந்துவிடுகின்றன. அதைத் திருத்தத் தெரிந்தவர் போனதும், நல்ல போர்டுகூடக் குப்பைக்குப் போகிறது. அந்தப் பெட்டிக்குக் காசு கொடுத்தவர்கள் நீங்களும் நானும்தானே?

முதலாளி இரண்டு வாரம் யோசித்துச் சரி என்றார். தம்பி அனுப்பிய கோப்புகளைக் குறை சொல்லி இரண்டு தடவை திருப்பினார்கள். மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டார்கள். 1560 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், அது ஏன் பாதியானது என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான். அன்று இரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அம்மா, “சம்பளம் கூட்டுவாங்களாப்பா?” என்றார்.