சாட்சி சொல்லும் கைப்பேசி ஊமையாகலாமா?

கெடா தோட்டப்புறத் தாய்மார்களே, தொழிலாளத் தோழர்களே!

"வீட்டைக் காலி செய்" என்று நிர்வாகம் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகும்போது, உங்கள் கைப்பேசிதான் சாட்சி. 1998-இல் முகமட் அலி ஜாபார் வழக்கில் உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? ஒலிப்பதிவு சாட்சியாக வேண்டுமென்றால், பதிவுக் கருவி ஒழுங்காக இயங்கியதையும் பதிவில் எவரும் கைவைக்கவில்லை என்பதையும் காட்ட வேண்டும். அன்று ஒலிநாடா, இன்று கைப்பேசி.

ஆகவே, பாலிங்கோ சுங்கைப்பட்டாணியோ, இன்றிரவே சோதித்துப் பாருங்கள். பத்து வினாடி பேசிப் பதிவு செய்து கேளுங்கள். குரல் மங்கலா? உறையைக் கழற்றுங்கள். சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள சிறு துளைதான் மைக். உலர்ந்த மெல்லிய பிரஷால் தூசு தட்டுங்கள், ஊசி விடாதீர்கள். புளூடூத்தை அடைத்துவிட்டு, கைப்பேசியையும் அடைத்துத் திறங்கள். வாட்சப்பில் மட்டும் குரல் போகவில்லையா? செட்டிங்கில் அதற்கு மைக் அனுமதி கொடுங்கள்.

அப்படியும் சரியாகாவிட்டால் கடைக்குப் போங்கள். ஆனால் அதற்கு முன் பழைய பதிவுகளை நகலெடுத்து வையுங்கள். ரீசெட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும். அசல் பதிவை வெட்டாதீர்கள். யார், எங்கே, எப்போது பேசினார் என்று அன்றே எழுதி வையுங்கள்.

நம் குரல் பதிவாகட்டும்!