பரிசுக்காக வாசிப்பா?



என் மகளின் பாடசாலையில் பத்துப் புத்தகம் வாசித்தால் ஒரு பதக்கம். அவள் மெல்லிய புத்தகங்களாகத் தேடி எடுத்து, இரண்டு கிழமைக்குள் பதக்கத்தோடு வந்தாள். நானும் விட்டேனா? தமிழ்ப் புத்தகம் ஒன்றுக்கு ஒரு பவுண் என்றேன். நான்கு புத்தகம் முடிந்தது. காசு நின்றது, தமிழ் வாசிப்பும் நின்றது.

1973 இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்போர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைய விருப்பமுள்ள பாலர்கள் சிலருக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவிட்டார்கள். பிறகு, தாமாக வரையும் ஆர்வம் அவர்களிடம்தான் குறைந்தது. முன்னறிவிப்பில்லாமல் பரிசு பெற்ற பிள்ளைகளிடம் அது குறையவில்லை. 2008 இல் மரினாக், கம்பிரெல் வெளியிட்ட ஆய்வில், புத்தகத்தையே பரிசாகப் பெற்ற பிள்ளைகளின் வாசிப்பு விருப்பம் கெடவில்லை.

வாசிக்கவே விரும்பாத பிள்ளையைத் தொடக்கிவிடப் பரிசு உதவலாம். ஆனால் விருப்பத்துக்கு விலை வைக்கக்கூடாது.

இப்போது இரவில் பத்து நிமிடம் நான் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிடுவேன். போன கிழமை மிச்சத்தை அவளே எழுத்துக்கூட்டி வாசித்தாள். காசு கேட்கவில்லை.