கைத்துப்பாக்கியின் பிறப்பிடம்

யுத்தத்தில் பிடிபட்ட ஓர் அதிகாரியின் இடையில் இருந்த ஆயுதம் அவருடைய நாட்டிலேயே செய்யப்பட்டதாகத்தான் இருக்கும் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். அம்முடிவு எவ்வளவு பிழையாகக்கூடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்க விரும்புகிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானிய அதிகாரி ஒருவரிடமிருந்து கைப்பற்றிய கைத்துப்பாக்கி ஒன்று நம் முன் இருப்பதாகக் கொள்வோம். அதில் கழுகின் உருவமும் 77 என்ற எண்ணும் கொண்ட சிறு முத்திரை காணப்படுகிறது. இது ஜெர்மானிய ராணுவப் பரிசோதகர் இட்ட முத்திரை. பலர் இவ்வளவில் ஆராய்ச்சியை முடித்துக்கொள்வர். ஆனால், இம்முத்திரை ஆயுதத்தை ஏற்றுக்கொண்டவர் யார் என்பதைத்தான் சொல்கிறது. ஆக்கியவர் யார் என்பதைச் சொல்லவில்லை.

ஆகவே, பக்கவாட்டில் உள்ள எழுத்துக்களைப் படிப்போம். ‘எஃப். பி. ராடம்’ என்றிருக்கிறது. ராடம் என்பது போலந்து நாட்டு நகரம். முன்னுள்ள இரண்டு எழுத்துக்களும் போலிஷ் மொழியில் ஆயுதத் தொழிற்சாலையைக் குறிப்பன. அடுத்து ‘பி. 35’ என்றும், அதையொட்டிப் பிறைக்கோட்டுக்குள் மற்றொரு ‘பி’ என்றும் காண்கிறோம். 35 என்பது 1935ஆம் ஆண்டு மாதிரி என்பதற்கு அடையாளம். பிறைக்கோட்டுக்குள் உள்ள எழுத்து, ‘போலந்து நாட்டது’ என்று ஜெர்மானியரே எழுதி வைத்த ஒப்புதல். விஸ் என்னும் பெயர் பெற்ற இத்துப்பாக்கியை வில்னியேவ்சிட்ஸ், ஸ்க்ஷிபின்ஸ்கி என்னும் போலந்துப் பொறியியலாளர் இருவர் வகுத்தனர்.

இடம் தெரிந்தது, காலம் எது? 1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. அதற்கு முன் போலந்து ராணுவத்துக்காகச் செய்தவற்றில் முடி சூடிய போலந்துக் கழுகும், செய்த ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். நம் துப்பாக்கியில் அவை இரண்டும் இல்லை. எனவே, இது அடிமைப்பட்ட ராடத்தில், போலந்துத் தொழிலாளர் கையால், பகைவனுக்காகச் செய்யப்பட்டது.

அத்தொழிலாளர் வெறுமனே பணிந்து கிடக்கவில்லை. துப்பாக்கி உறுப்புக்களை மறைத்து வெளியே கொண்டுபோய், தலைமறைவாகப் போராடிய தாய்நாட்டுப் படைக்கு அளித்தனர். இதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் 1942 அக்டோபரில் தொழிலாளர் பலரைப் பொது இடத்தில் தூக்கிலிட்டனர். ராடத்தில் முழுத் துப்பாக்கி உருவாகவே கூடாதென்று, குழல் செய்வதையும் இறுதியாகப் பொருத்துவதையும் ஆஸ்திரியாவிலுள்ள ஸ்டையர் தொழிற்சாலைக்கு மாற்றினர்.

ஆகவே மாணவர்களே, ஒரு பழம்பொருள் உங்கள் கைக்கு வந்தால், மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள்: வைத்திருந்தவர் யார்? முத்திரையிட்டவர் யார்? செய்தவர் யார்? மூன்றுக்கும் ஒரே விடை என்று எண்ணினால், ராடத்துத் தொழிலாளரின் கதை நம் கண்ணில் படாமலே போய்விடும்.