மேகத்தினுள் வேகம் இழந்தால்
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கனடாவிலுள்ள மகனிடம் செல்ல ஆயத்தமாகும் பெரியவர் ஒருவர், சென்ற கூட்டத்தின் முடிவில் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, மழை மேகத்துக்குள்ளை போய் பிளேனின்ரை வேகம் குறைஞ்சால் அது விழுந்திடாதோ?" என்பதே அது. அருகில் நின்ற இளைஞர் சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. விமானத் துறையினர் பல உயிர்களைப் பறிகொடுத்த பின்னர் ஆராய்ந்த கேள்வி அது. அதற்குரிய விடையே இன்றைய பேச்சு.

இரணைமடுக் குளக்கட்டில் சோளகத்தை எதிர்த்துச் சைக்கிள் மிதிப்பவனை எண்ணிப் பாருங்கள். அவன் செல்வது மெதுவாகத்தான். முகத்தில் மோதும் காற்றோ பலமானது. விமானத்தைத் தாங்குவதும் அவ்வாறு மோதுங் காற்றே. இறக்கைமேல் ஓடும் காற்றின் வேகம் மிகக் குறைந்தாலும், மூக்கை அளவுக்கு மிஞ்சி நிமிர்த்தினாலும் இறக்கை தாங்கும் வலுவை இழக்கும். இதனை விமானிகள் 'ஸ்ரோல்' என்பர். 35,000 அடி உயரத்திலே வளி மிக ஐதானது. அங்கே வேகம் குறையவும் கூடாது, மிகவும் கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட பாதை வயல் வரம்புபோல ஒடுங்கியது.

வேகத்தை அளப்பதற்கு விமானத்தின் மூக்கருகே பிற்றோக் குழாய்கள் எனப்படும் சிறு குழாய்கள் முன்னோக்கிப் பொருத்தப்பட்டுள்ளன. வாயில் மோதும் வளியின் அமுக்கத்தை, வெளியே நிலவும் அமுக்கத்தோடு ஒப்பிட்டு வேகம் கணிக்கப்படுகிறது. குழாய் உறையாதிருக்க மின்சாரத்தினாற் சூடேற்றுவார்கள். ஆயினும் இடிமேகத்தின் உச்சியிலே பனிக்கட்டித் துகள்கள் மிகுதியாகச் சேரும்போது அச்சூடும் போதாமற் போவதுண்டு. மழைத்துளியை நன்கு காட்டும் றேடார் இத்துகள்களை அவ்வளவாகக் காட்டாது என்பது இன்னொரு தொல்லை.

ஆகவே, வேகம் குறைந்ததென்று கருவி காட்டினால், உண்மையாகவே குறைந்ததா, கருவி பொய் சொல்கிறதா என்பதே முதற் கேள்வி.

2009 ஆம் ஆண்டு யூன் 1 ஆந் திகதி, றியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிசுக்கு 228 பேருடன் பறந்த எயார் பிரான்ஸ் 447 இல், அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலே இக்குழாய்கள் அடைபட்டன. தானியங்கிக் கட்டுப்பாடு விலகிற்று. தலைமை விமானி அப்போது ஓய்வறையிலிருந்தார். விமானத்துக்கோ இயந்திரங்களுக்கோ வேறு கேடில்லை. உள்ளபடியே பறக்கவிட்டிருந்தாற் போதும். ஆனால் சுக்கானைப் பிடித்திருந்த துணை விமானி மூக்கை மேலே தூக்கினார். விமானம் 38,000 அடியளவுக்கு ஏறி, உண்மை வேகத்தை இழந்து, ஸ்ரோல் ஆயிற்று. குழாய்கள் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிட்டன, விமானம் தெளியவில்லை. இதிலே மனத்தை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. அளந்த வேகம் மிகவும் தாழ்ந்தவுடன் எச்சரிக்கை ஒலி நின்றுவிட்டது. சரியானபடி மூக்கைத் தாழ்த்த முற்பட்டபோதோ மீண்டும் ஒலித்தது. நல்லதைச் செய்தவனைக் கண்டித்து, தவறியவனிடம் மௌனம் சாதித்த கருவி அது. குழாய் அடைபட்டதிலிருந்து நாலரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. பறப்புப் பதிவுக் கருவிகளை 2011 இலேயே கடலடியிலிருந்து எடுக்க முடிந்தது.

அவ்வகைக் குழாய்களை மாற்றும்படி ஐரோப்பிய அதிகாரசபை 2009 இலேயே கட்டளையிட்டது. பயிற்சியும் மாறிற்று. வேகமானியை நம்ப முடியாதபோது விமானி செய்ய வேண்டியது மிக எளிது: தானியங்கிகளை விலக்கி, மூக்கின் சாய்வையும் இயந்திர வலுவையும் தெரிந்த அளவில் நிறுத்துதல். எயார்பஸ் விமானங்களில், உடனடி ஆபத்து உள்ளபோது, 10,000 அடிக்கு மேல் மூக்கை 5 பாகை நிமிர்த்தி, ஏறுவதற்குரிய வலுவை வைக்கவேண்டுமென்று மனனமாகவே பழக்குகிறார்கள். அதன்பின்புதான் அட்டவணையைப் புரட்டுதல். பஞ்சாட்சரம் ஓதப் பழகிய குழந்தைக்கு அது உறக்கத்திலும் வருவதுபோல இதுவும் வரவேண்டும்.

இனி, நமக்கு அண்மையில் நடந்ததைப் பார்ப்போம். 2025 மே 21 அன்று டெல்கியிலிருந்து சிறிநகருக்குச் சென்ற இண்டிகோ விமானத்தில் 220 பேருக்கு மேல் இருந்தனர். பத்தான்கோட் அருகே, 36,000 அடியில், இடிமேகம் எதிர்ப்பட்டது. எல்லைப் பக்கமாக விலக அனுமதி கேட்டனர், கிடைக்கவில்லை. லாகூரிடமும் கேட்டனர், அங்கும் மறுப்பு. திரும்ப எண்ணியபோது மேகம் மிக நெருங்கிவிட்டமையால், குறுகிய வழியால் ஊடுருவி வெளியேறத் துணிந்தனர். ஆலங்கட்டி மழை தாக்கிற்று. மேலெழும் காற்றும் கீழிறங்கும் காற்றும் மாறிமாறி அடிக்க, தானியங்கி விலகிற்று. வேகம் கூடிற்றென்று ஓர் எச்சரிக்கை. தாங்குவலு போகிறதென்று மற்றோர் எச்சரிக்கை. மாற்று வேக அளவையும் நம்பவேண்டாமென்று கருவியே அறிவித்தது. ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு 8,500 அடி வீதம் இறங்கினார்கள். அந்நிலையிலும் புயல் கடக்கும்வரை கையாலேயே ஓட்டி, ஒழுங்குமுறைகளை ஒவ்வொன்றாகச் செய்து முடித்து, சிறிநகரில் இறக்கினர். மூக்குக் கூடு உடைந்திருந்தது, பயணிகளுக்குக் காயமில்லை. மேகத்தினுள் சென்றது சரியா என்று வாதிக்கலாம். உள்ளே அகப்பட்டபின் அவர்கள் கைகள் தடுமாறவில்லை என்பதில் எமக்கு ஐயமில்லை.

கருவி பொய் சொல்லாமல், உண்மையாகவே வேகம் குறைவதும் உண்டு. மலைத்தொடர்களைத் தாண்டிவரும் அலைக்காற்று விமானத்தைக் கீழே தள்ளும்போது, தானியங்கி உயரத்தைக் காக்க மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும், வேகம் தேயும். இயந்திரத்தின் முழு வலுவும் போதாவிட்டால், உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்க வேண்டியதுதான். கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அறிவித்துக் கீழே இறங்குவார்கள். 35,000 அடி உயரம் என்பது கையிலுள்ள முதல். செலவழிக்க வேண்டிய வேளையில் அதைச் செலவழிக்கத்தான் வேண்டும்.

ஆகவே பெரியவருக்கு எமது விடை இது. ஐயா, வேகம் குறைந்தவுடனே விமானம் விழுந்துவிடாது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க அதற்கு உயரமுண்டு, விமானிகளுக்குப் பயிற்சியுமுண்டு. உங்கள் பங்கு ஒன்றே. விளக்கு அணைந்திருந்தாலும், இருக்கையில் உள்ளவரை பட்டியை அவிழ்க்காதிருங்கள். குலுக்கத்திலே காயப்படுபவர்களில் பெரும்பாலானோர் பட்டி கட்டாதவர்களே.

நேரமாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் தேநீர் வேளையில் கேளுங்கள்.