குப்பைக்குக் கணக்கு உண்டு, உழைப்பாளிக்கு இல்லையா?

(மும்பை தாராவியில் மறுசுழற்சித் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



மாட்டுங்காவில் ஒரு வீட்டில் வெட்டப்பட்ட பால் உறையும், செம்பூரில் கடை வாசலில் வீசப்பட்ட தண்ணீர் பாட்டிலும் கைமாறிக் கைமாறித் தாராவியின் 13ஆம் காம்பவுண்டுக்கு வருகின்றன. இங்கே அவற்றை நிறம் பார்த்து, ரகம் பார்த்துப் பிரிக்கிறீர்கள். ரகம் புரியாவிட்டால் ஒரு துண்டைக் கொளுத்தி, புகையை முகர்ந்து கண்டுபிடிக்கிறீர்கள். பிறகு வெட்டி, கழுவி, உருக்கி, குருணையாக்கி அனுப்புகிறீர்கள். குருணையின் இலாபம் வெளியே போகிறது. புகை உங்கள் நுரையீரலில் தங்குகிறது.

வீட்டில் குப்பையைத் தரம் பிரிப்பவரே சுற்றுச்சூழல் பொறுப்புள்ள குடிமகன் என்று இன்று உலகெங்கும் போதிக்கிறார்கள். தரம் பிரிப்பது நல்லதுதான். ஆனால், பிரித்த குப்பை எங்கே போயிற்று? பொதிகளின் கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று ஜெர்மனி 1991இல் சட்டம் செய்தது. இருந்தும் பணக்கார நாடுகளின் பிளாஸ்டிக் கழிவு கப்பலேறி ஆசியாவுக்கு வந்தது. 2018 ஜனவரியில் சீனா கதவை மூடியது. 2019 மார்ச்சில் இந்தியாவும் தடை விதித்தது. பாசல் உடன்படிக்கையின் திருத்தம் 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தரமற்ற கலப்புக் கழிவை அனுப்ப, பெறும் நாட்டின் முன்சம்மதம் தேவை என்பது அப்போதுதான் விதியாயிற்று.

பிளாஸ்டிக் மாசுக்கு முடிவு கட்ட ஓர் உலக ஒப்பந்தம் செய்ய 2022 மார்ச்சில் நைரோபியில் தீர்மானித்தார்கள். புசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் பேச்சு முறிந்தது. உற்பத்திக்கு வரம்பு கட்டுவதை எண்ணெய் வள நாடுகள் எதிர்த்தன. மோடி அரசும் வரம்பை ஏற்கவில்லை. உற்பத்தி பெருகிக்கொண்டே போனால், எத்தனை கைகள் பிரித்தாலும் குவியல் குறையுமா?

உள்நாட்டிலும் இதே கதைதான். 2022 பிப்ரவரி விதிகளின்படி, நிறுவனங்கள் மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்கித் தம் கடமையைக் காட்டலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற ஆலையே சான்றிதழ் தர முடியும். பதிவில்லாத சிறு பட்டறையில் நடக்கும் வேலை அந்தக் கணக்கில் வருவதில்லை. அங்கே கூலிக்கு உழைப்பவரைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

இப்போது மறுமேம்பாடு என்ற பெயரில் அதானி குழுமம் வந்திருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபித்தவருக்கே தாராவியில் இலவச வீடு. மற்றவர் வெளியே போக வேண்டும். அதற்கென ஒதுக்கிய நிலங்களில் ஒன்று, 1927 முதல் குப்பை கொட்டப்படும் தேவ்னாரில் உள்ள 124 ஏக்கர். நகரின் குப்பையைக் குறைத்தவர்களுக்குக் குப்பைமேட்டைக் காட்டுகிறார்கள்! நெல்லைச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர் உழைத்த தோல் பட்டறைகளும் மாசைக் காரணம் காட்டித்தான் அகற்றப்பட்டன. மூத்த தோழர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். மாசுக்குத் தீர்வு காற்றோட்டமும் வடிகாலும் பாதுகாப்புக் கருவியும் தருவதே; தொழிலாளியைத் துரத்துவது தீர்வாகாது.

வேறு வழி உண்டா? உண்டு. இதே மகாராஷ்டிரத்தில், புனேயில், குப்பை சேகரிப்போர் 1993இல் சங்கம் கண்டு, மாநகராட்சியின் அங்கீகாரத்துடன் அடையாள அட்டை பெற்றார்கள். பிரேசிலின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களது கூட்டுறவுகளை ஏற்றது. போராடி வென்ற பொகோட்டாவின் தொழிலாளர்களுக்கு 2013இல் நகர நிர்வாகமே ஊதியம் தரத் தொடங்கியது. அரசுகளின் பேச்சு முறிந்த இடத்தில் தொழிலாளரின் சர்வதேச ஒற்றுமை முன்னே செல்கிறது.

எனவே நம் கோரிக்கைகள் இவை: மறுமேம்பாட்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு பட்டறையும், அதில் உழைக்கும் ஒவ்வொருவரும், பீகாரிலிருந்து வந்த இளைஞர் உட்பட, பதிவாக வேண்டும். தாராவியிலேயே தொழிலுக்கு இடம் வேண்டும். சான்றிதழ் வருவாயில் தொழிலாளிக்குப் பங்கும், குறைந்தபட்சக் கூலியும், மருத்துவப் பாதுகாப்பும் வேண்டும். பட்டறை பட்டறையாகச் சென்று பேசுவோம். சங்கப் புத்தகத்தில் முதலில் பெயர் ஏறட்டும். அரசின் கணக்கில் அதை ஏற்ற வைப்போம்.